நுவாங்குக்கு பசங்கள கூட்டிட்டுப் போறேன், ஜிபிஎஸ் வாங்கவா பேப்பர் மேப் கத்துக்கவா?

செந்தூல்_நடை

வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு வருஷமா மலை ஏறிட்டு இருக்கேன், புக்கிட் காசிங்ல ஆரம்பிச்சு புரோகா, அங்சி, போன வருஷம் லேடாங் வரைக்கும் போயாச்சு. எல்லாமே யாராச்சும் ஒருத்தர் பின்னாடியே போனது தான், வழி பாக்குற வேலை எனக்கு வந்ததே இல்ல. இப்ப எங்க தாமான் (குடியிருப்பு) பசங்க பன்னெண்டு பேரு, பதினேழு வயசுலேர்ந்து இருபத்தி மூணு வரைக்கும், அக்கா எங்கள குனோங் நுவாங் கூட்டிட்டுப் போங்கன்னு புடிச்சுக்கிட்டாங்க. பங்சூன் பக்கம் ஏறி அதே வழியில எறங்கறது. மாலிம் குனோங் ஒருத்தர புக் பண்ணியாச்சு, பெர்மிட் வேலையும் நடக்குது, அதனால கைடு வச்சுக்கோங்கன்னு யாரும் சொல்ல வேண்டாம். மாலிம் ஒருத்தர் தான், நாங்க பதிமூணு பேரு, போகப் போக முன்னாடி ஒரு கூட்டம் பின்னாடி ஒரு கூட்டம்னு பிரிஞ்சுரும்னு எனக்கு நல்லா தெரியும், பின்னாடி வர்ற கூட்டத்துக்கு நான் தான் பொறுப்பு. அந்தப் பிள்ளைங்களோட அம்மாங்க எல்லாம் என்னை நம்பித்தான் அனுப்புறாங்க. கொஞ்சம் காசு சேத்து வச்சிருக்கேன். கார்மின் ஜிபிஎஸ் கருவி ஒன்னு வாங்கலாமா, இல்ல போன்ல ஆப் போட்டுக்கிட்டா போதுமா, இல்ல காம்பஸ் பேப்பர் மேப்னு ஒழுங்கா கத்துக்கணுமா? ஆறு வாரம் டைம் இருக்கு.

மழைக்காடு_பூச்சோங்

கார்மின் எல்லாம் வேண்டாங்க, காச மிச்சம் பண்ணுங்க. காட்டுல லைன் இல்ல அதனால போன் வேலை செய்யாதுன்னு இன்னும் நெறைய பேரு நம்பிட்டு இருக்காங்க, அது தப்பு. ஜிபிஎஸ் சிக்னல் நேரா சேட்டலைட்லேர்ந்து வருது, டவருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. டவர் இருந்தா மொத தடவ இடத்த புடிக்கிறது சீக்கிரமா நடக்கும், அவ்ளோ தான், இல்லாட்டி வானம் தெரியற எடமா பாத்து கொஞ்ச நேரம் நின்னா தானா புடிச்சுக்கும். லைன் இல்லாட்டி வராம போறது மேப் படம் மட்டும் தான், அதனால வீட்டுலயே வைஃபைல ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஏதாச்சும் ஒரு ஆப்ல மேப்ப எறக்கி வச்சுட்டு, ஃபிளைட் மோட்ல போட்டு, அந்த நீலப் புள்ளி நகருதான்னு தாமான சுத்தி ஒரு ரவுண்டு நடந்து பாத்துடுங்க. ஃபிளைட் மோட் ஏன்னா லைன் இல்லாத எடத்துல போன் டவர தேடித் தேடியே பேட்டரிய தின்னுடும். நான் நுவாங் நாலு தடவ ஏறியிருக்கேன், ட்ராக் ரெக்கார்டு, அதாவது நடக்குற வழிய கோடா பதியறது, நாள் பூரா ஓடியும் எறங்கறப்ப எனக்கு பாதி பேட்டரி மிச்சம் இருக்கும்.

2000 மே மாசம் வரைக்கும் அமெரிக்கா வேணும்னே பொதுமக்களுக்கு வர்ற சிக்னல கெடுத்து வச்சிருந்தாங்க, நூறு மீட்டர் கூட தள்ளிக் காட்டும், அந்தக் காலத்துல பேப்பர் தான் பெருசுன்னு சொன்னா ஒத்துக்கலாம். இப்ப சாதாரண போனே வெட்ட வெளியில அஞ்சு மீட்டர் பக்கத்துல காட்டுது. இதுக்கு மேல பேப்பர் எதுக்கு, ஒரு மழை பெஞ்சா கூழாயிடும்.

ஆயர்ஈத்தாம்_ஓட்டம்

பூச்சோங் அண்ணன் சொன்னதுக்கு நானும் கை தூக்குறேன். பினாங்குல மூன் கேட்லேர்ந்து ஏறி மேல போயி, ஜீப் பாதையில 84-ங்கற ஓய்வு எடத்துல ஒரு தேநீர் குடிச்சுட்டு பொட்டானிக் கார்டன் பக்கமா எறங்கறது எனக்கு வாராவாரம் உண்டு. புக்கிட் பெண்டேரா 833 மீட்டர் தான், ஆனா அந்தச் சின்ன மலைக்குள்ள எத்தன கிளைப் பாதைன்னு அங்க நடக்குறவங்களுக்குத் தான் தெரியும், காய்கறித் தோட்டத்துக்குப் போற பாதை, தண்ணிக் குழாய் பாதை, யாரோ போட்ட குறுக்கு வழி. கையில இருக்குற வாட்ச்ல ட்ராக் போட்டுருவேன், வழி மாறுனா மணிக்கட்டுல துடிக்கும், நின்னு பாத்தா போதும்.

பேப்பர் கத்துக்காதீங்கன்னு சொல்லல. ஆனா ஸ்கூல்ல சாரணர் படையில சொல்லிக் குடுத்தாங்களே, தூரத்துல தெரியற ரெண்டு மலை உச்சிய பாத்து காம்பஸ்ல கோணம் எடுத்து மேப்புல கோடு போட்டா ரெண்டு கோடும் வெட்டற எடம் தான் நீ நிக்கிற எடம்னு, அது நம்ம காட்டுல எங்க நடக்கும்? பத்தடிக்கு அந்தாண்ட இலையத் தவிர ஒன்னும் தெரியாது. வெள்ளக்காரன் ஊர்ல மரம் இல்லாத மலைக்கு எழுதுன பாடத்த இங்க படிச்சு என்ன பண்றது?

அளவுச்சங்கிலி

கிள்ளான்லேர்ந்து எழுதுறேன். நில அளவை கம்பெனில ஃபீல்டு ஆளா 31 வருஷம் இருந்துட்டு இப்ப ஓய்வுல இருக்கேன். பினாங்கு தம்பி கேட்டது நியாயமான கேள்வி, நம்ம காட்டுல நின்னு ரெண்டு உச்சிய பாத்து கோடு போட முடியாது. அத யாராச்சும் வகுப்புல சொல்லிக் குடுத்து இது தான் மேப் படிக்கிறதுன்னு முடிச்சுட்டா பிள்ளைங்க பேப்பர வெறுக்கத் தான் செய்யும்.

காட்டுல பேப்பர் வேற வேலைக்கு. நம்ம மலையெல்லாம் ரிட்ஜும் (மலை முகடு) ஆறுமா மாத்தி மாத்தி போகும், கை விரல விரிச்சு மேசை மேல கவுத்து வச்சா எப்பிடி இருக்கும் அந்த மாதிரி. விரல் மேல நடக்குறீங்களா ரெண்டு விரலுக்கு நடுவுல நடக்குறீங்களான்னு கண்ணு தெரியாட்டியும் காலுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் சரிவா எறங்குச்சுன்னா ரிட்ஜ், ரெண்டு பக்கமும் ஏறுச்சுன்னா பள்ளம், தண்ணி சத்தம் இடப்பக்கம் கேக்குதா வலப்பக்கமான்னு காது சொல்லும். இந்த ரிட்ஜ் எந்தப் பக்கம் சாஞ்சு போகுதுன்னு காம்பஸ் சொல்லும். இது மூணையும் சேத்து மேப்புல பாத்தா நீங்க எந்த விரல்ல நிக்கிறீங்கன்னு தெரிஞ்சுரும். அஞ்சு மீட்டர் துல்லியம் அதுக்குத் தேவையே இல்ல.

எங்கப்பா பந்திங் பக்கம் ஒரு தோட்டத்துல பால் வெட்டுனவரு. விடியறதுக்கு முன்னாடி இருட்டுல தலையில விளக்கக் கட்டிக்கிட்டு போவாரு, ஓடைப் பாலம் தாண்டி பதினாலாவது நிரையில திரும்பி மேட்டுல ஏறுனா அவரோட வெட்டு ஆரம்பிக்கும், ஒரு நாள் கூட அடுத்தவன் மரத்துல கத்திய வச்சது இல்ல. சின்னப் பையனா பின்னாடி போனப்ப நிரைய எண்ணிக்கிட்டே வாடான்னு சொல்லுவாரு. நான் சர்வே வேலையில அடி எண்ணி நடக்கப் பழகுனதுக்கு அது தான் ஆரம்பம். அவருக்கு மண்டைக்குள்ள மேப் இருந்துச்சு, தெனம் நடந்து நடந்து உண்டானது. நமக்கு அந்த மலையில ஒரே ஒரு நாள் தான், அந்த ஒரு நாளைக்குள்ள மண்டையில மேப் ஏறணும்னா மொத நாள் ராத்திரி பேப்பர விரிச்சு விரல வச்சு நடந்து பாக்கணும். போன் திரை ஒரு ஜன்னல் மாதிரி, கிட்ட போனா முழுசு தெரியாது, தூரப் போனா விவரம் தெரியாது.

பாகான்_வாசி

குறுக்க வர்றேன் மன்னிச்சுக்கோங்க. மச்சான் லண்டன்லேர்ந்து நல்ல காம்பஸ் ஒன்னு வாங்கிட்டு வந்து குடுத்தாரு, இங்க பட்டர்வொர்த்ல வச்சுப் பாத்தா முள்ளு ஒரு பக்கமா சாஞ்சு அடியில ஒட்டிக்குது, தட்டுனா தான் சுத்துது. கெட்டுப் போச்சா?

அளவுச்சங்கிலி

கெடல. பூமியோட காந்தம் லண்டன்ல முள்ளோட வடக்கு நுனிய பலமா கீழ இழுக்கும், அத சரிக்கட்ட தெக்குப் பக்கம் எடை கூட்டி செஞ்சிருப்பாங்க. நம்ம ஊரு காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கு, இங்க அந்த இழுப்பு கிட்டத்தட்ட இல்ல, அதனால அந்த எடையே தெக்கு நுனிய கீழ தள்ளுது. கடைல கேக்குறப்ப நம்ம மண்டலத்துக்கு பேலன்ஸ் பண்ணதா, இல்ல எல்லா எடத்துக்கும் வேலை செய்யற முள்ளான்னு கேட்டு வாங்குங்க, வாங்கறதுக்கு முன்னாடி உள்ளங்கையில வச்சு சுத்திப் பாருங்க. நமக்கு ஒரு வசதியும் இருக்கு, தீபகற்ப மலேசியால காம்பஸ் வடக்குக்கும் மேப் வடக்குக்கும் நடுவுல ஒரு டிகிரி கூட வித்தியாசம் இல்ல, மத்த நாட்டுல இத கூட்டிக் கழிச்சே பாதிப் பேரு தப்பு பண்ணுவாங்க.

இன்னொன்னு, கைக்கடிகார முள்ள சூரியனுக்கு நேரா வச்சு திசை பாக்குற வித்தைய பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்காதீங்க. உச்சி வெயில் நம்ம தலைக்கு மேல தான் நிக்குது, அதுவும் போக 1982-ல நம்ம மணிய அரை மணி நேரம் முன்னாடி தள்ளுனதுலேர்ந்து கேஎல்ல சூரியன் உச்சிக்கு வர்றதே ஒரு மணி சுமாருக்குத் தான்.

தித்திவங்சா_தடம்

கார்மினுக்கு யாருமே பேசலயேன்னு ஒரு வார்த்தை. ஒரு நாள் மலைக்கு அது வேண்டாம், சரி. கொர்பு, யோங் பெலார் மலைப் பக்கம் அஞ்சாறு நாள் காட்டுக்குள்ளயே இருக்கறப்ப போன் மட்டும் நம்பி போயிடாதீங்க. என் கார்மின்ல ரெண்டு டபுள் ஏ பேட்டரி போட்டா முழு நாளைக்கு மேல ஓடுது, அந்த பேட்டரி எந்த கம்போங் மளிகைக் கடையிலயும் கிடைக்கும். அதவிட முக்கியம் பட்டன். மழை ஊத்தறப்ப தொடுதிரைல தண்ணி விழுந்து மேப் தானா பெருசாகும் சின்னதாகும், வேற எங்கயோ போயி நிக்கும், விரல் சுருங்கிப் போயி தொட்டாலும் எடுக்காது. பட்டனுக்கு அந்தப் பிரச்சன இல்ல.

காஜாங்_மல்லிகை

ரெண்டு நாளா படிச்சுட்டு எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன், எழுதிடறேன். பகாங் பக்கம் ஒரு மலை, பேரு வேண்டாம். ஆறு பேரு போனோம், கூட்டிட்டுப் போனவருக்கு அனுபவம் உண்டு, நல்ல மனுஷன், இப்பவும் எனக்கு அண்ணன் மாதிரி. அவரு போன்ல, நடந்த வழிய பகிர்ந்துக்கற விக்கிலாக் ஆப்ல யாரோ போட்ட ட்ராக் இருந்துச்சு, அத பாத்துத்தான் போனோம். மத்த அஞ்சு பேரும் அவரு முதுகுல இருந்த பைய பாத்துக்கிட்டே நடந்தோம், அது தான் உண்மை.

எறங்கறப்ப ஒரு சிம்பாங்ல (பாதை பிரியற எடம்) ட்ராக் இடது பக்கம் போச்சு, போனோம். பின்னாடி தான் தெரிஞ்சது, அந்த ட்ராக் போட்டவரே அங்க வழி மாறி உள்ள போயி திரும்பி வந்திருக்காரு, அத அழிக்காம அப்பிடியே ஏத்தி விட்டிருக்காரு, போனதும் வந்ததும் ஒன்னு மேல ஒன்னு விழுந்து திரைல ஒரே கோடா தெரிஞ்சது. அந்தக் கோடு முடிஞ்ச எடத்துல பாதையும் முடிஞ்சது. மரத்துல பழைய ரிபன் கட்டியிருந்துச்சு, அத புடிச்சுக்கிட்டு போனா பழைய பாலாக் (மரம் வெட்டி எடுத்துட்டுப் போற) பாதை ஒன்னு, பாதி மண்ணு சரிஞ்சு கெடக்கு. மூணு மணிக்கு மழை புடிச்சது. போன் நனைஞ்சது, பவர்பேங்க் இருந்தும் சொருகுற எடத்துல ஈரம்னு சொல்லி சார்ஜ் ஏத்த மாட்டேன்னுடுச்சு. வேற போன் அஞ்சு இருந்துச்சு, ஒன்னுல கூட மேப் எறக்கி வைக்கல, அண்ணன் தான் வச்சிருக்காரேன்னு அத்தன பேரும் நெனச்சிருக்கோம்.

ஆத்தோரமாவே எறங்குனா எங்கயாச்சும் ஊரு வரும்னு ஒருத்தர் சொன்னாரு, போனோம். தண்ணி பால் தேத்தண்ணி நெறத்துக்கு மாறுச்சு, இலையும் குச்சியும் அடிச்சுட்டு வர ஆரம்பிச்சது. எங்க தாத்தா சொல்லியிருக்காரு, அந்த மாதிரி வந்தா மேல மழை கொட்டி கெப்பாலா ஆயர், அதாவது திடீர் வெள்ளம், வருதுன்னு அர்த்தம், நிக்காதேன்னு. கத்தி எல்லாரையும் மேட்டுக்கு ஏத்துனேன். ரிட்ஜ் மேல போனப்புறம் ஒரு கட்டை லைன் கிடைச்சது, அண்ணன் போன்ல ஆறு பர்சன்ட். இருக்குற எடத்தோட நம்பர என் கை மேல பேனாவுல எழுதிக்கிட்டு, வீட்டுல இருந்த என் தோழிக்கு எஸ்எம்எஸ் அனுப்புனேன், அவ கம்ப்யூட்டர்ல மேப்ப பாத்துட்டு, அதே ரிட்ஜுல வடக்கால போ, ஒன்றரை கிலோமீட்டர்ல பெரிய பாலாக் ரோட்ட தொடும், எறங்காதேன்னு பதில் போட்டா. ஒரு தம்பியோட சாவிக் கொத்துல சின்ன காம்பஸ் தொங்குச்சு, அத வச்சுத்தான் வடக்கு பாத்தோம். காருகிட்ட வந்து சேந்தப்ப ராத்திரி 10.40.

பயந்தது கூட மறந்து போச்சு. மறக்காதது எதுன்னா, மறுநாள் அம்மா கேட்டாங்க எங்கடி இருந்த இவ்ளோ நேரம்னு, மேப்ப தொறந்து காட்டலாம்னு பாத்தா ஏழு மணி நேரம் நடந்த எடத்த என்னால விரல் வச்சுக் காட்ட முடியல. ஆறு பேர்ல ஒருத்தருக்கு மட்டும் தான் எங்க இருக்கோம்னு தெரிஞ்சது, அவரு போன் செத்ததும் அந்த ஒருத்தருக்கும் தெரியல.

மழைக்காடு_பூச்சோங்

மல்லிகை, படிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நானும் அந்த அண்ணன் மாதிரி தான் கூட்டிட்டுப் போயிட்டு இருக்கேன், என் பின்னாடி வர்றவங்க போன்ல மேப் இருக்கான்னு நான் ஒரு தடவ கூட கேட்டது இல்ல.

செந்தூல் தங்கச்சி, நான் மேல சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. பதிமூணு போன்லயும் மேப் ஏறணும். ட்ராக் ஒருத்தரோடத மட்டும் நம்பாம மூணு நாலு பேரோடத எறக்கி ஒன்னு மேல ஒன்னு வச்சுப் பாருங்க, எல்லாம் ஒன்னா போற எடம் பாதை, ஒன்னு மட்டும் தனியா பிரிஞ்சு போனா அது அவரு வழி மாறுன எடம், இல்ல ஒதுங்கப் போன எடம். அடர்ந்த மரத்துக்கு அடியிலயும் பள்ளத்துலயும் சிக்னல் பாறையிலயும் சரிவுலயும் மோதி வரும், அப்ப அஞ்சு மீட்டர்னு நான் சொன்னது செல்லாது, இருபது முப்பது மீட்டர் கூட தள்ளும், பக்கத்து பக்கத்துல ரெண்டு பாதை இருந்தா எதுல நிக்கிறோம்னு புள்ளி சொல்லாது.

ஆப்ல தெரியற உயரக் கோடு, ஒரே உயரத்துல இருக்குற எடத்தையெல்லாம் சேக்குற கோடு, அத பத்தியும் சொல்லணும். இலவச மேப் நெறையத்துல அந்தக் கோடு 2000 பிப்ரவரில ஸ்பேஸ் ஷட்டில்லேர்ந்து ரேடார் வச்சு அளந்த கணக்கு. ரேடார் நம்ம காட்டுல தரைய முழுசா பாக்கல, மர உச்சிய தான் பெரும்பாலும் பாத்திருக்கு. பெரிய ரிட்ஜ், பெரிய பள்ளம் எல்லாம் சரியா இருக்கும், சின்ன ஓடை, சின்ன பாறைச் சரிவு எல்லாம் காணாம போயிடும். கோடு மெதுவான சரிவா காட்டுதேன்னு நம்பி குறுக்க எறங்கக் கூடாது.

இடத்த போன்ல சொல்றப்ப டெசிமல் டிகிரில சொல்லிப் பழகுங்க, ரெண்டு நம்பர், அவ்ளோ தான். புள்ளிக்கு அப்புறம் மூணாவது இலக்கம் மாறுனா 111 மீட்டர் மாறுது, அதனால நாலு அஞ்சு இலக்கம் வரைக்கும் சொல்லணும். யூடிஎம் கட்டத்துல, அதாவது உலகத்த ஸோன் ஸோனா பிரிச்சு மீட்டர்ல இடம் சொல்ற முறையில, சொன்னீங்கன்னா ஸோன் நம்பரையும் சேத்துச் சொல்லுங்க, 102 டிகிரி கோடு நம்ம நாட்டு நடுவுல தான் போகுது, நுவாங் அதுக்கு மேக்க ஸோன் 47-ல இருக்கு ஆனா கோட்டுக்கு கிட்ட. அவசரத்துக்கு 999, ஹேண்ட்போன்ல 112 அடிச்சாலும் போகும்.

ஆயர்ஈத்தாம்_ஓட்டம்

மல்லிகை அக்காவுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது. ஆனா ஒன்னு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு பையில பேப்பர் இருந்திருந்தா மட்டும் என்ன நடந்திருக்கும்? படிக்கத் தெரியாட்டி அதுவும் சும்மா ஒரு படம் தானே. போன் செத்தப்புறம் பேப்பர வெளிய எடுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க, மூணு மணி நேரம் புள்ளியவே பாத்து நடந்துட்டு திடீர்னு பேப்பர விரிச்சா நாம எங்க இருக்கோம்னு எப்பிடி தெரியும்?

காஜாங்_மல்லிகை

கோவம் இல்ல தம்பி, நீங்க கேட்டது தான் சரி. அப்ப எடுத்தா ஒன்னும் தெரியாது. மொதல்லேர்ந்தே கையில இருக்கணும், அதுவும் பின்னாடி நடக்குறவங்க கையில.

அளவுச்சங்கிலி

இது தான் நான் சொல்ல வந்து சொல்லாம விட்டது. வேலையில எங்க மேஸ்திரி ஒரு பழக்கம் வச்சிருந்தாரு, ஒவ்வொரு ஓய்வுக்கும் யாராச்சும் ஒரு புது ஆளக் கூப்பிட்டு, நம்ம எங்க இருக்கோம் தொடு, அடுத்து என்ன வரும் சொல்லுன்னு கேப்பாரு. அதுக்கப்புறம் தான் அவரு பெரிய ஆளுங்ககிட்ட சரியான்னு கேப்பாரு. போனையும் அந்த மாதிரி வைங்க. மொதல்ல பேப்பர்ல விரல வைக்கணும், அப்புறம் போன்ல சரி பாக்கணும். மொதல்லயே போன பாத்துட்டா மண்டை வேலை செய்யறத நிறுத்திடும்.

மேப் எங்க வாங்கறதுன்னு கேப்பீங்க. ஜூப்பெம் (அரசாங்க நில அளவை இலாகா) போடற 1:50,000 டோப்போ மேப், அதாவது மேடு பள்ளம் காட்டற மேப், கடையில போயி வாங்கற மாதிரி இல்ல, அனுமதிக்கு எழுதிக் கேக்கணும். அதனால ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ங்கற இலவச இணைய மேப்லேர்ந்து நீங்களே பிரிண்ட் போடுங்க, 1:25,000 அளவுக்கு போட்டா நாலு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், பசங்களுக்கு கணக்கு போட சுலபம். போட்டோஸ்டேட் கடைல லேமினேட் பண்ணி எடுத்தா பூச்சோங் தம்பி சொன்ன கூழு ஆகாது. கட்டக் கோடு போட மறக்காதீங்க.

யாராச்சும் பழைய மலாயா டோப்போ மேப் குடுத்தா ஒரு எச்சரிக்கை. அது கெர்த்தாவ் டேட்டம்ல (இடத்த அளக்க வச்சுக்கற அடிப்படைக் கணக்கு) போட்டது, பூமி வடிவத்துக்கு எவரெஸ்ட் 1830 கணக்கு. அந்தக் கணக்கு இந்தியாவ அளந்ததுலேர்ந்து வந்தது, அந்த அளவை 1802-ல ஆரம்பிச்சது நம்ம சென்னை பரங்கிமலையில. ஹுலு லங்காட் காட்டுல நின்னு அந்த மேப்ப விரிக்கறப்பெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும், மனசுக்கு ஒரு மாதிரி நெறைவா இருக்கும். ஆனா போன் காட்டறது டபிள்யூஜிஎஸ் 84-ங்கற வேற டேட்டம், போன் நம்பர அப்பிடியே அந்த மேப்புல வச்சா நூறு மீட்டருக்கு மேல தள்ளிப் போயிடும், ரிட்ஜுக்கு அந்தப் பக்கம் விழுந்துரும்.

அப்புறம் உயரம். பாரோமீட்டர் இருக்குற வாட்ச் யார்கிட்டயாச்சும் இருந்தா எடுத்துக்கோங்க, எதுவும் கண்ணுக்குத் தெரியாத காட்டுல உயரம் தான் நமக்கு ரெண்டாவது கோடு. ரிட்ஜ் எதுன்னு தெரியும், உயரம் 900-னு காட்டுது, மேப்புல அந்த ரிட்ஜும் 900 கோடும் வெட்டற எடத்துல நீங்க நிக்கிறீங்க. நம்ம ஊர்ல காத்தழுத்தம் தெனமும் காலைல பத்து மணி சுமாருக்கு ஏறி சாயங்காலம் நாலு மணிக்கு எறங்கும், மழை இல்லாட்டியும் எறங்கும், அதனால காலைல சரி பண்ண வாட்ச் சாயங்காலம் 25, 30 மீட்டர் கூடவே காட்டும். தெரிஞ்ச எடம் வர்றப்பெல்லாம் சரி பண்ணிக்கிட்டே போகணும்.

செந்தூல்_நடை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, முழுசையும் மூணு தடவ படிச்சேன். மல்லிகை அக்கா, உங்க பதிவ பசங்க குரூப்ல படிச்சுக் காட்டுனேன்.

போன ஞாயிறு ஏழு பேர மட்டும் புக்கிட் காசிங் கூட்டிட்டுப் போனேன். சின்ன எடம், ஆனா பாதை குறுக்கும் நெடுக்குமா போகும், பழக நல்ல எடம். ரெண்டு பேருக்கு ஒரு பேப்பர், போன் என் பையில. மொத அரை மணி நேரத்துல எல்லாரும் தப்பு, நடந்த தூரத்த டபுளா நெனச்சுக்குறாங்க, நானும் அப்பிடித்தான். அப்புறம் அடி எண்ணிப் பாத்தோம், தார் ரோட்டுல நூறு மீட்டருக்கு எனக்கு 66 இரட்டை அடி, ஏத்தத்துல 90 தாண்டிடுச்சு. போன்ல காம்பஸ் ஆப் பாத்த ஒரு பொண்ணுக்கு வடக்கு வேற எங்கயோ காட்டுச்சு, போன் உறையில காந்தம், கழட்டுனதும் சரியாச்சு. ரெண்டாவது சுத்துல சிம்பாங் வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தன் சொல்றான், அக்கா இன்னும் கொஞ்சத்துல எறக்கம் வரும், வலப்பக்கம் ஒரு பாதை பிரியும்னு. பிரிஞ்சது. அவன் மொகத்த நீங்க பாத்திருக்கணும்.

கார்மின் வாங்கல. ரெண்டு நல்ல காம்பஸ், உள்ளங்கையில சுத்திப் பாத்து வாங்குனது, ஒரு பவர்பேங்க், தண்ணி புகாத பை, ஏழு லேமினேட் மேப். மிச்ச காசு பெட்டியிலயே இருக்கு.

செந்தூல்_நடை

போயிட்டு வந்துட்டோம், பதிமூணு பேரும் நல்லபடியா. கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

காலைல ஏழு மணிக்கு பங்சூன்ல பேரு பதிஞ்சு கெளம்புனோம். கெம் லோலோ (கெம்னா முகாம்) வரைக்கும் அந்த அகலமான ரோடு ஏறி ஏறி முடியவே மாட்டேங்குது, ஆனா வழி மாற எடம் இல்ல, அதனால அங்க அடி எண்ணிப் பழகுனாங்க. லோலோ தாண்டி செங்குத்து ஆரம்பிச்சதும் நான் நெனச்ச மாதிரியே ரெண்டு கூட்டமா பிரிஞ்சோம். மாலிம் அண்ணன் முன்னாடி ஏழு பேரோட, நான் பின்னாடி அஞ்சு பேரோட. கெம் பாச்சாட்ல கால்ல ஒட்டுன அட்டைய பிச்சு எறிஞ்சுக்கிட்டே ஒவ்வொருத்தரா மேப்புல விரல வச்சாங்க, அப்புறம் போன்ல பாத்தோம், கிட்டத்தட்ட சரி.

புஞ்சாக் பெங்காசிங்கற உச்சி வந்ததும் மேல வந்துட்டோம்னு நெறைய பேரு சந்தோஷப்பட்டு, அப்புறம் எறங்கி திரும்ப ஏறணும்னு தெரிஞ்சு அங்கயே உக்காந்துருவாங்களாம், மாலிம் சொன்னாரு. எங்க பிள்ளைங்க யாரும் உக்காரல. மொத நாள் ராத்திரியே மேப்புல அந்தப் பள்ளத்த பாத்து வச்சிருந்தாங்க, அக்கா இது பொய் உச்சி, இன்னும் ஒரு எறக்கம் இருக்குன்னு அவங்களே மத்த ஆளுங்களுக்குச் சொல்லிட்டு நடந்தாங்க.

1,493 மீட்டர் பலகைகிட்ட நிக்கறப்ப மேகம் மூடிக்கிச்சு, ஒன்னரை மணிக்கே சாயங்காலம் மாதிரி. சாப்பிட்டு கெளம்பறப்ப மழை. மாலிம் முன்னாடி போன கூட்டத்தோட எறங்கிட்டாரு, நான் குப்பையெல்லாம் பொறுக்கி கட்டிட்டு திரும்பறேன், எங்க கூட்டத்துல மூணு பேரு வேற ஒரு கூட்டத்து பின்னாடி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்தக் கூட்டம் மலைக்கு அந்தப் பக்கம், ஜண்டா பாயிக் ஊரு பக்கம் எறங்கறவங்க. நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே காசிங்ல எறக்கம் சொன்னானே அந்தப் பையன் நின்னுட்டான். கையில காம்பஸ், மழைத் தண்ணி மேப்புல ஓடுது. அக்கா, நம்ம வந்தது தெக்குலேர்ந்து, இவங்க வடக்கால போறாங்க, இது நம்ம வழி இல்லன்னான். என் போன் அப்ப பையோட அடியில, தண்ணி புகாத பைக்குள்ள இருந்துச்சு. எடுத்துப் பாத்தேன், அவன் சொன்னது சரி.

ஏழு மணிக்கு மேல தான் பொழுது சாயும்னாலும் மரத்துக்கு அடியில ஆறரைக்கே இருட்டிருச்சு, தலைவிளக்கு எல்லார்கிட்டயும் இருந்தது. 7.20-க்கு ரோட்டுக்கு வந்தோம்.

மேப் ஃபைல் வேணும்னா யாராச்சும் கேளுங்க அனுப்புறேன், கெம் லோலோ குறிச்ச எடம் கொஞ்சம் தள்ளி இருக்கு, திருத்திட்டு அனுப்புறேன். அந்தப் பையன் இப்ப அவன் ரூம் சுவத்துல அத ஒட்டி வச்சிருக்கானாம். அடுத்த வருஷம் தாஹான் மலைக்குப் போலாமா அக்கான்னு கேக்குறான், இப்பவே அதுக்கு மேப் பிரிண்ட் பண்ண ஆரம்பிச்சுட்டான்.

காஜாங்_மல்லிகை

படிச்சு முடிச்சதும் அம்மாகிட்ட காட்டுனேன். எனக்கும் அந்த ஃபைல அனுப்புங்க தங்கச்சி, நான் இன்னும் நுவாங் ஏறல.

அளவுச்சங்கிலி

நல்லது. தம்பிகிட்ட சொல்லுங்க, குனோங் தாஹான் 102 டிகிரிக்கு கெழக்க இருக்கு, யூடிஎம் கட்டம் போட்டான்னா ஸோன் 48. மேப்போட மூலையில பெருசா எழுதி வைக்கச் சொல்லுங்க, நுவாங் மேப்ப பாத்து பழக்கத்துல 47-னு போட்டுடப் போறான்.